நல்ல துரையும் ஒரு ஜாகாவும்

மே 17, 2025, சனி

ஆப்பிள் டிவியில் நேற்று ‘மர்டர்பாட்’ தொடர் வந்துவிட்டது, ஒரு காவல் ரோபோவின் கதை. முதல் நாளே இரண்டு பகுதி. அப்பாவும் வந்து உட்கார்ந்துகொண்டார். கோப்பி ஆறுவதற்குள் ஒரு பகுதி முடிந்துபோகிறது, என்ன கஞ்சத்தனமோ! ரோபோவாக நடிக்கும் அலெக்ஸாண்டர் ஸ்கார்ஸ்கார்டின் மூஞ்சி கச்சிதம். யாராவது கண்ணைப் பார்த்துப் பேசினால் போதும், அந்தக் காவல் ரோபோவுக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. அப்பா அதற்கு ‘ஜாகா’ என்று பேர் வைத்துவிட்டார், மலாய் மொழியில் காவல்காரன்.

மே 25, ஞாயிறு

கோலாலம்பூரில் செந்தூலிலிருந்து கேஎல்சிசி போகும்போது எல்ஆர்டி ரயிலில் மார்த்தா வெல்ஸின் மர்டர்பாட் வரிசையில் முதல் புத்தகத்தை மறுபடி எடுத்தேன், தொடருக்கு மூலம் அதுதான். ‘ஆல் சிஸ்டம்ஸ் ரெட்’, 2017. மெலிசான புத்தகம்தான், அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ, நெபுலா விருது இரண்டையும் அள்ளியது.

அந்த ரோபோ பாதி இயந்திரம், பாதி மனிதத் தசை. சொன்ன பேச்சு கேட்காவிட்டால் தண்டிக்க உள்ளுக்குள்ளேயே ஒரு கருவி. அந்தக் கருவியைத் திருட்டுத்தனமாக முடக்கிவிடுகிறது. அப்புறம் யாரையும் வெட்டிச் சாய்க்கவில்லை, நம்ம சினிமா ரோபோ மாதிரி காதலிக்கவும் கிளம்பவில்லை. வேலை பார்க்கிற பாவனையில் நின்றபடியே நாடகம், படம், பாட்டு என்று ஏறக்குறைய 35,000 மணி நேரத்தைத் தீர்க்கிறது. அம்மாவிடம் சொன்னேன். “புத்தியுள்ள பிள்ளை” என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேற்றுக் கிரகத்தை ஆராயப் போகிற குழுவுக்கு அது வேண்டவே வேண்டாம். வாடகைக்கு எடுத்தால்தான் ரோபோவின் சொந்தக்காரக் கம்பெனி பாண்ட், அதாவது பொறுப்பேற்கும் உத்தரவாதம், தரும் என்பதால் எடுக்கிறார்கள்.

ஜூன் 14, சனி

இந்த வாரம் சுமார்.

ஜூலை 12, சனி

நேற்றோடு பத்துப் பகுதியும் முடிந்தது. குழுத் தலைவி மென்சா கம்பெனியிடமிருந்து அதை மீட்டுவிடுகிறார். தங்கமான மனுஷி. கூடவே வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். இதுவோ கிளம்பிப் போய்விடுகிறது. புத்தகத்தில் எல்லாரும் தூங்கும்போது நழுவிவிடும். தொடரில் குழுவில் ஒருவரான குராத்தினிடமாவது பேசிவிட்டுப் போகிறது.

எனக்குக் கோபம். “இவ்வளவு செஞ்சவங்கள விட்டுட்டுப் போகுதேப்பா!”

அப்பா ரிமோட்டைக் கீழே வைத்தார். “எங்க எஸ்டேட்ட நடத்துன தொரையும் நல்லவருதான். தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு கோழி குடுப்பாரு. ஒங்க தாத்தாவுக்குக் காய்ச்சல்னா அவரு கார்லதான் ஆஸ்பத்திரி. நாங்க இருந்த லயத்து வீடு யாரு பேருல இருந்துச்சு? தோட்டத்த வித்தப்ப கோழி குடுத்த கையாலதான் வெளிய போகச் சொல்ற கடுதாசியும் குடுத்தாரு.”

மலாயாவில் இந்தியத் தொழிலாளர்களின் ஒப்பந்தக் கூலி முறையை 1910-இல் ஒழித்தார்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். வீடும் வேலையும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பது அந்தப் பாடத்தில் இல்லை. மென்சாவின் ஊரிலும் அந்த ரோபோவுக்கு ஒரு ‘பாதுகாவலர்’ இருந்தாக வேண்டும். அன்பான பாதுகாவலர்தான், இருந்தாலும் அது ஒருவர் பொறுப்பில் இருக்கிற பொருள்தானே. இதை எப்படிக் கவனிக்காமல் படித்தேனோ!

“போன எடத்துல வேல கெடச்சுச்சா?” என்று அப்பா கேட்டார்.

இரண்டாம் புத்தகத்தில் மனுசன் வேசம் போட்டுப் பாதுகாப்பு ஆலோசகராக வேலை பார்க்கும், கூலி அதன் கைக்கே வரும் என்றேன்.

“எவ்ளோ?”

இரண்டாவது சீசன் உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். அதுவரை அவர் பொறுக்கமாட்டார், நான்தான் புத்தகத்தைத் தமிழில் சொல்லியாக வேண்டும்.