தைப்பிங்கில் நின்ற வேன், தெருவில் நின்ற தேர்

தம்பி பிழைத்து எழுந்தால் பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்கு, எங்கள் தண்ணீர்மலையானுக்கு, பால்குடம் எடுக்க வைக்கிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டது மருத்துவமனை வராந்தாவில். மோட்டார் சைக்கிள் விபத்து. அவன் கண் திறந்தான், நடந்தான், மறுபடி வேலைக்கும் போனான். அப்புறம் அம்மா எங்களை விடவில்லை. "சாமி கடனைத் தள்ளிப் போடக் கூடாது" என்பதே வீட்டில் தினசரிப் பேச்சாகிவிட்டது.

நாங்கள் இருப்பது கோலாலம்பூர் செந்தூல். ரயில் ஏறி உட்கார்ந்தால் பத்துமலை வாசலில் இறக்கிவிடும். வீட்டுக்கு எதிரே முருகனை வைத்துக்கொண்டு எதற்குப் பினாங்கு வரை என்று சொந்தக்காரர்கள் கேட்கத்தான் செய்தார்கள். அம்மா பிறந்தது புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு தோட்டத்தில். தாத்தா காவடி தூக்கியது தண்ணீர்மலைக்கு. நெஞ்சு பதறிய நேரத்தில் அம்மா வாயில் வந்ததும் அந்தப் பெயர்தான். எந்த வாசலில் நின்று கேட்டோமோ அங்கேதானே கொடுக்க வேண்டும்?

பூசத்துக்கு முதல் நாள் விடியுமுன்னே வாடகை வேனில் கிளம்பினோம். அம்மா, தம்பி, சித்தி, சித்தப்பா, நான். மதியத்துக்குள் பினாங்குப் பாலம் தாண்டி அறையில் அம்மாவைப் படுக்க வைத்துவிட வேண்டும் என்பது திட்டம். முழங்கால் வலிக்காரர். மறுநாள் 513 படி காத்திருக்கிறது. அதனால் வெள்ளி ரத ஊர்வலத்துக்குக் கூட்டிப் போவதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

கோலகங்சார் தாண்டியதும் வண்டிக்குள் ஏதோ தீய்ந்த வாடை. தைப்பிங் நெருங்கும்போது முன்பக்கத்திலிருந்து புகை. ஓட்டுநர் அண்ணன் ஓரம் கட்டிவிட்டார். வேன் வாடகைக்கு விட்டவரைக் கூப்பிட்டால் முதலில் எடுக்கவில்லை; எடுத்த பிறகு, வேறு வண்டி கிடையாது, பூசக் கூட்டத்தில் எல்லாம் போய்விட்டது என்றார். முன்பணமாக முழுத் தொகையும் வாங்கி வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்! சித்தப்பா போனில் கத்திக்கொண்டிருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. தைப்பிங் மழையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்.

சாமான்களை அவசரமாக இறக்கியதில் சித்தி கையிலிருந்து செம்பு நழுவித் தார்ச்சாலையில் விழுந்தது. தாத்தா காலத்துப் பித்தளைச் செம்பு. தம்பி பால் எடுக்க வேண்டிய செம்பு. கழுத்துக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு நெளிந்துவிட்டது. அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார். விரதத்தில் எங்கே குறை வந்தது, முருகனுக்கு நான் வருவது பிடிக்கவில்லையா என்று ஒரே புலம்பல். எனக்கும் வயிற்றைக் கலக்கியது. சகுனம் பார்க்காத வீடு இல்லை எங்கள் வீடு.

இழுவை வண்டி எங்களைத் தைப்பிங்கில் ஒரு பட்டறையில் விட்டது. பட்டறை முதலாளி சீனத் தவுக்கே ஒருவர், வயதானவர். மூடியைத் திறந்து பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். சாமான் வர வேண்டும், நாளை விடுமுறை, மறுநாள்தான் முடியும் என்றார். பார்த்த கூலியை நீட்டினால் வாங்கவில்லை. அம்மா நெற்றியையும் மஞ்சள் புடவையையும் பார்த்து "தைப்பூசமா?" என்று கேட்டார். தன் காரை எடுத்து, இரண்டு நடையாக எங்களை ரயில் நிலையத்தில் கொண்டு விட்டார். பட்டர்வொர்த்துக்குக் கொம்யூட்டர் ரயில் இருக்கிறது என்று சொன்னதும் அவர்தான். பதற்றத்தில் எங்களில் ஒருவருக்கும் ரயில் ஞாபகமே வரவில்லை.

அந்த ரயிலில் நிற்க இடமில்லை. கமுந்திங் பையன்கள் ஒரு கூட்டம், எல்லோரும் மஞ்சள் வேட்டி. ஒருவன் கையில் உறுமி. வண்டி நகர்ந்ததும் காவடிச் சிந்து ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவைப் பார்த்ததும், "பாட்டி, இங்க உக்காருங்க" என்று இரண்டு பேர் எழுந்துகொண்டார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு மக்சிக், வயதான மலாய்க்கார அம்மா. அம்மா கைப்பை, துணிப்பை, செம்பு என்று திணறுவதைப் பார்த்து, செம்பைத் தன் மடியில் வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பூஜைச் சாமான் என்று யாரும் சொல்லவில்லை. பட்டர்வொர்த் வரை அதைக் கீழே வைக்கவே இல்லை. பையன்கள் "வேல் வேல்" என்று போட, மழைத்தண்ணீர் வழியும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அம்மாவும் மெல்ல வாயசைக்க ஆரம்பித்தார். தைப்பிங்கில் அழுத முகம் அது இல்லை.

வேனில் போயிருந்தால் பாலத்தின் மேல் பறந்திருப்போம். இப்போது ஃபெர்ரி. 2021இலிருந்து அதில் கார் ஏறுவதில்லை, ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான். அம்மா சின்ன வயதில் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டிய வழி. பாலம் 1985இல் வந்த பிறகு ஃபெர்ரி பக்கமே போனதில்லையாம். "அப்பா எனக்கு இங்கதான் கச்சான் கடலை வாங்கிக் கொடுப்பார்" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜார்ஜ் டவுன் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

கரை இறங்கினால் பாதிச் சாலைகள் அடைப்பு. ஒரு டாக்சிக்காரர் நாலு பங்கு கேட்டார். நேர்த்திக்கடனுக்கு வருகிறவர்களிடம் இப்படிப் பிடுங்குவது என்ன பிழைப்போ. கடைசியில் ஏறிய வண்டியும் ஜாலான் உத்தாமாவுக்கு முன்பே இறக்கிவிட்டது. இனி நடைதான். இரண்டு பக்கமும் தண்ணீர்ப் பந்தல்கள். சிலவற்றில் சினிமாப் பாட்டைப் போட்டு நெஞ்சு அதிர வைக்கிறார்கள். முருகன் வருகிற தெருவில் அது எதற்கு? இதைக் கேட்க ஆளில்லை.

அம்மாவால் முடியவில்லை. ஓரத்தில் மலை போலத் தேங்காய் குவித்துக் காத்திருந்த ஒரு சீனக் குடும்பம் நாற்காலி போட்டு உட்கார வைத்தது. அந்த நேரம் பார்த்து நாதஸ்வரச் சத்தம். வெள்ளி ரதம்!

காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலில் வந்த தேர். விடியற்காலையில் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டை விட்டுக் கிளம்பி, பந்தலுக்குப் பந்தல் நின்று அர்ச்சனை வாங்கிக்கொண்டு, நகரத்தார் கோவிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எங்களுக்கு முன்னால் சடசடவென்று தேங்காய் உடைந்தது. தெருவெல்லாம் இளநீர் வாசம். அந்தக் குடும்பத்துப் பாட்டி அம்மா கையிலும் ஒரு தேங்காயைத் திணித்தார். அம்மா உட்கார்ந்தபடியே ஓங்கி எறிந்தார். சுத்தமாக இரண்டாக உடைந்தது.

மாடுகள் நின்றன. தேர் எங்களுக்கு நேரே நின்றது. நாலடி தூரம் இருக்கும். குருக்கள் தீபம் காட்டத் திரும்பியபோது வெள்ளித் தகடெல்லாம் மின்ன, நடுவில் மாலைகளுக்குள்ளிருந்து அந்த முகம். நெற்றித் திருநீறு தெரிகிறது, இதழோரம் தெரிகிறது. மலை மேல் கூட்டத்தில் தள்ளிக்கொண்டு போகும்போது இப்படி ஒரு தரிசனம் யாருக்குக் கிடைக்கும்? நடக்க முடியாத என் அம்மாவைத் தேடி, தெருவோரம், நாற்காலிக்கு எதிரே வந்து நின்றான். அம்மா கும்பிடவில்லை. கை இரண்டும் மடியில் கிடக்க, "அப்பா, வந்துட்டேன்" என்றார். யாரை அப்பா என்றார் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கண் மறைத்தது. திட்டம் போட்டபடி எல்லாம் நடந்திருந்தால் அந்த நேரத்தில் அறையில் கதவை மூடிக்கொண்டு தூங்கியிருப்போமே முருகா!

மறுநாள் தம்பி பால்குடம் எடுத்தான். வரிசை, வெயில், வழியை அடைத்துக்கொண்டு போனைத் தூக்கிப் பிடிப்பவர்கள், எல்லாம் வழக்கம்போல. செம்பின் வாயில் மஞ்சள் துணி கட்டும்போது நூல் வழுக்காமல் அந்த நெளிந்த பள்ளத்தில் போய் இறுக உட்கார்ந்துகொண்டது. 513 படியும் ஒரு சொட்டு சிந்தவில்லை. அம்மாவும் படிக்குப் படி உட்கார்ந்து எழுந்து மேலே வந்து, பால் அபிஷேகம் கண்ணாரப் பார்த்தார்.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா தைப்பிங் கதையில்தான் தொடங்குகிறார். வேன்காரரைத் திட்டிய சித்தப்பா, "அந்த வண்டி நல்லா ஓடியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று எடுத்துக் கொடுக்கிறார். நெளிவை எடுத்துத் தரட்டுமா என்று பாத்திரக்காரர் கேட்டதற்கு, தொடவே கூடாது என்றுவிட்டார் அம்மா.

கூலி வாங்காத தவுக்கே, செம்பை மடியில் வைத்திருந்த மக்சிக், எழுந்து இடம் கொடுத்த பிள்ளைகள், தேங்காய் கொடுத்த பாட்டி. ஒருவர் பெயரும் எங்களுக்குத் தெரியாது. தண்ணீர்மலையானே, உனக்குத் தெரியும். அவர்கள் குடும்பத்தையும் என் தம்பியைப் பார்த்துக்கொண்ட மாதிரியே பார்த்துக்கொள்.