எங்கே நிற்கிறான், என்ன செய்கிறான்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணி ஒன்றின் வீடியோ அறையில் தரவுப் பகுப்பாய்வு என் வேலை. ஹெல்மெட்டும் தோள் பேடும் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற ஃபுட்பாலைச் சொல்கிறேன். உலகக் கோப்பைக் கால்பந்து அல்ல. சனிக்கிழமை ஆட்டம் முடிந்த கையோடு அடுத்த எதிரணியின் வீடியோ வந்து இறங்கிவிடும். ஒவ்வொரு ஸ்நாப்பையும் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) தனியாக வெட்டி, எத்தனையாவது டவுன், அதாவது எத்தனையாவது முயற்சி, எத்தனை கெஜம் பாக்கி, பந்து எந்த ஹாஷ் கோட்டில் (பந்தை வைக்கும் இடத்துக்கு எல்லை காட்டும் இரண்டு கோடுகள்), களத்தில் யார் யார் என்றெல்லாம் நிரப்ப வேண்டும். திங்கள் காலை கோச்சுகள் காபியோடு வந்து உட்காரும்போது எல்லாம் தயாராக இருக்கவேண்டும். இல்லையென்றால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் மென்பொருளில் ஒரு வீரருக்கு 'பொசிஷன்' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. டிஃபென்ஸில், அதாவது தடுக்கும் பக்கத்தில், முன்வரிசையில் மோதுகிறவர்கள் லைன்மேன்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று ஓடிவருகிறவனைப் பிடிப்பவர்கள் லைன்பேக்கர்கள். கடைசியில், பந்து பறந்து வந்தால் தடுப்பவர்கள் கார்னர்பேக், சேஃப்டி. பெரும்பாலானவர்களுக்கு இதில் ஒன்றைத் தட்டினால் போதும். பின்வரிசையில் கூடுதலாக ஐந்தாவது ஆளாக இறங்கும் எங்கள் அணியின் நிக்கல் ஆட்டக்காரன் மட்டும் எதிலும் அடங்கமாட்டான். ஒரு ஸ்நாப்பில், உள்பக்கம் நின்று பந்தைப் பிடிக்க ஓடும் ஸ்லாட் ரிசீவரின் மூக்குக்கு நேரே நிற்பான். அடுத்ததில் லைன்பேக்கர் பக்கத்தில். அதற்கடுத்ததில் ஓரத்திலிருந்து, பந்தை எறியும் குவாட்டர்பேக்கைப் பிடிக்கப் பாய்வான். லைன்பேக்கர்கள் எத்தனை முறை பாய்ந்தார்கள் என்று அறிக்கை எடுத்தால், இவனைச் சேர்த்தால் ஒரு விடை, விட்டால் வேறு விடை. லைன்பேக்கர் கோச்சும் பின்வரிசையைப் பார்க்கும் செகண்டரி கோச்சும் ஆளுக்கொரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வருவார்கள்.

கடைசியில் அந்தக் கட்டத்தையே தூக்கிவிட்டு இரண்டாகப் பிரித்தோம்: ஸ்நாப் நேரத்தில் எங்கே நிற்கிறான், ஸ்நாப் முடிந்ததும் என்ன செய்கிறான். அறிக்கைச் சண்டை அதோடு ஓய்ந்தது. அவன் யாருடைய மீட்டிங்கில் உட்காருவது என்ற சண்டை ஓயவில்லை. இரண்டிலும் உட்கார்ந்தான். மற்றவர்கள் சாவகாசமாகச் சாப்பிடும்போது இவன் தட்டைக் கையில் பிடித்தபடி ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். இப்படிப் பல இடத்தில் ஆடுகிறவனை ஹைப்ரிட் வீரர் என்று எல்லோரும் சிலாகிக்கிறார்கள். அவன் படிக்கவேண்டிய பாடம் இரட்டிப்பு என்பதை யாரும் சொல்வதில்லை.

இப்படி ஒருவன் ஏன் தேவைப்படுகிறான் என்பது களத்தின் அளவிலேயே இருக்கிறது. அகலம் 160 அடி. கல்லூரி ஆட்டத்தில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் நடுவே 40 அடி இடைவெளி. பந்து ஒரு ஹாஷில் வைக்கப்பட்டால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் அந்த இடைவெளி வெறும் பதினெட்டரை அடி என்பதால் பந்து எப்போதும் ஏறக்குறைய நடுவில்தான் இருக்கும். எங்களுக்கு அந்த 100 அடிப் பக்கம்தான் தலைவலி. அங்கே ஓட்டம் வந்தாலும் நிறுத்த வேண்டும், வேகமான ரிசீவர் வந்தாலும் விரட்ட வேண்டும். கனமான லைன்பேக்கரை நிறுத்தினால் ரிசீவர் பிய்த்துக்கொண்டு போய்விடுவான். மெலிந்த கார்னரை நிறுத்தினால், தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்கிற கனத்த டைட் எண்ட் அவனை அலாக்காகத் தூக்கி ஓரம் வைத்துவிடுவான்.

அடுத்த காரணம் வேகம். தாக்கும் அணி ஆளை மாற்றினால், பதிலுக்கு ஆள் மாற்ற டிஃபென்ஸுக்கு நடுவர் நேரம் தருவார். அவர்கள் மாற்றாமல், கூடிப் பேசாமல், உடனே அடுத்த ஸ்நாப்புக்குப் போனால் உள்ளே இருக்கும் 11 பேரை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அப்போது யாரை வேண்டுமானாலும் எதிர்கொள்ளக்கூடிய ஒருவன் உள்ளே இருந்தால் மூச்சு விடலாம்.

மூன்றாவது, ஆர்பிஓ: ஓட விடுவதா எறிவதா என்று ஸ்நாப்புக்குப் பிறகு முடிவுசெய்யும் உத்தி. இதற்கு ஒரு தீய மூளை வேண்டும் என்று நான் எப்போதும் நினைப்பதுண்டு. குவாட்டர்பேக் பந்தை ஓட்டக்காரனின் வயிற்றில் வைத்தபடியே டிஃபென்ஸில் ஒரே ஒருவனைக் கவனிக்கிறான். அவன் ஓட்டத்தைப் பிடிக்க முன்னே வந்தால், பந்தை உருவி அவன் விட்டு வந்த இடத்துக்கே எறிந்துவிடுவான். வராமல் நின்றால் ஓட்டக்காரனுக்கே கொடுத்துவிடுவான். போதாததற்கு, பந்து எறியப்பட்டாலும் தாக்கும் அணியின் லைன்மேன்கள் 3 கெஜம் வரை முன்னேறித் தடுக்கலாம் என்று கல்லூரி விதி இடம் கொடுக்கிறது. என்எஃப்எல்லில் ஒரு கெஜம்தான். குவாட்டர்பேக் குறிவைக்கும் அந்த ஒருவன் நிற்கிற இடத்தில்தான் ஹைப்ரிட் நிற்கிறான்.

எங்கள் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவர். ஒரு மாலை, இரண்டு டைட் எண்டுகளோடு எதிரணி நின்ற காட்சியை உறையவைத்தார். எங்கள் நிக்கல்காரன் டைட் எண்டுக்கு வெளியே, ஐந்து கெஜம் பின்னால், முழங்காலை மடக்கி நிற்கிறான். லேசர் புள்ளியை அவன்மேல் வைத்துக்கொண்டு கேட்டார்: "இவனை அவங்க யாருன்னு கணக்கு பண்ணியிருக்காங்க?" அறையில் சத்தமில்லை. லைன்பேக்கர் என்று எண்ணியிருந்தால் அவன்மேல் ஒரு ரிசீவரை ஏவுவார்கள். பின்வரிசை ஆள் என்று எண்ணியிருந்தால் அவன் பக்கமே ஓட்டத்தை விடுவார்கள். அடுத்தடுத்த காட்சிகளில் அவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தது தெரிந்தது. "நல்லது, அவங்களுக்கே தெரியல," என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போனார்.

ஊரில் நண்பர்களுக்கு விளக்கும்போது கிரிக்கெட் ஆல்ரவுண்டர் மாதிரியா என்று கேட்பார்கள். இல்லை. ஆல்ரவுண்டர் மட்டையைப் பிடிக்கும்போது எல்லோருக்கும் தெரியும், இப்போது அவர் பேட்ஸ்மேன் என்று. ஹைப்ரிட்டின் மதிப்பே ஸ்நாப் ஆகும்வரை அது தெரியாமல் இருப்பதில்தான்.

அதனால் பல வேலை தெரிந்தவனைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஐசையா சிம்மன்ஸைப் பாருங்கள். கிளெம்சன் கல்லூரி அணியில் எல்லா இடத்திலும் ஆடினார். 2019இல் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது. என்ன பொசிஷன் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில், டிஃபென்ஸ். என்எஃப்எல்லின் அரிசோனா கார்டினல்ஸ் 2020இல் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எட்டாவது தேர்வாக எடுத்து உள் லைன்பேக்கர், ஸ்லாட், சேஃப்டி என்று மாற்றி மாற்றிப் போட்டது. 2023 ஆகஸ்டில் டிராஃப்டின் ஒரு ஏழாம் சுற்றுத் தேர்வுக்குப் பதிலாக நியூயார்க் ஜயன்ட்ஸிடம் கொடுத்துவிட்டது. அதே ஆண்டில் பால்டிமோர் ரேவன்ஸில் கைல் ஹாமில்டன் முதல் அணி ஆல்-ப்ரோ, அதாவது அந்தப் பருவத்தின் சிறந்த வீரர்கள் பட்டியலில் இடம். ஆறடி நாலங்குல சேஃப்டி. கோல்ட்ஸுக்கு எதிரான ஓர் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே குவாட்டர்பேக்கை மூன்று முறை வீழ்த்தினார். இருவருக்கும் திறமை உண்டு. வித்தியாசம், ரேவன்ஸின் அப்போதைய டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் மைக் மெக்டொனால்ட் ஹாமில்டனை எங்கே நிறுத்தினாலும் பின்னால் ஆழத்தைக் காக்க வேறு சேஃப்டிகளை வைத்திருந்தார். ஹாமில்டன் அலைந்தாலும் சுற்றி இருந்தவர்கள் அலையவில்லை.

சம்பளத்திலும் இது இடிக்கும். ஒப்பந்தம் முடிந்த வீரரை இன்னொரு ஆண்டு தக்கவைக்க அணி தரும் ஃபிரான்சைஸ் டேக் தொகை பொசிஷனைப் பொறுத்தது. 2008இல் ரேவன்ஸ் டெரல் சக்ஸை லைன்பேக்கர் என்றது. தான் டிஃபென்சிவ் எண்ட், அதற்குத்தான் தொகை அதிகம் என்றார் அவர். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் பேசி முடித்தார்கள். எங்கள் கட்டத்தைப் பிரித்தது எவ்வளவோ சுலபம்.

டிஃபென்ஸ் இப்படி மெலிந்துகொண்டே போனதற்கு எதிர்வினையும் வந்துவிட்டது. கனத்த ஆட்களை இறக்கி நேராக ஓட விடுகிறார்கள். 2024இல் ஈகிள்ஸின் சாக்வான் பார்க்லி 2,005 கெஜம், ரேவன்ஸின் டெரிக் ஹென்றி 1,921 கெஜம். லேசான டிஃபென்ஸ் என்றால் மிதித்துவிட்டுப் போகலாம் என்ற கணக்கு. ஆனால் அந்த டிசம்பர் 1 அன்று, 110 கிலோவைத் தாண்டிய ஹென்றியைத் திறந்த வெளியில் எதிர்கொண்டு பின்னோக்கிச் சாய்த்தவர் 90 கிலோவை ஒட்டிய கூப்பர் டிஜீன். ஈகிள்ஸின் ஸ்லாட் ஆட்டக்காரர், அதுவும் முதல் பருவத்தில். மறுநாள் எங்கள் அலுவலகத்தில் அந்த ஒரு காட்சி எத்தனை திரைகளில் ஓடியது என்று கேட்கவே வேண்டாம்.

பள்ளி மாணவர்களைத் தேர்வு செய்யும் பருவத்தில் எங்கள் கோஆர்டினேட்டர் முதலில் கேட்பது இப்போது அதைத்தான்: பந்தைப் பறித்த காட்சி வேண்டாம், தன்னைவிடக் கனமான ஒருவனைத் தனியாக நின்று பிடித்த காட்சி இருக்கிறதா? பையன்கள் அனுப்பும் ஹைலைட் வீடியோவில் அது அநேகமாக இருக்காது. பள்ளிக் கோச்சிடம் முழு ஆட்டத்தின் வீடியோவைக் கேட்டு வாங்கி, முதல் ஸ்நாப்பிலிருந்து நாங்களே தேடுகிறோம்.