முந்நூறு அடி உயரமும் ஓர் ஆரஞ்சுப் போர்வையும்

மகன் வேலைக்காகப் பெங்களூரு போனபோது வீட்டில் விட்டுப்போனவை: ஒரு கிரிக்கெட் மட்டை, எதற்கும் பொருந்தாத இரண்டு சார்ஜர், இருபத்தொரு கியர் சைக்கிள் ஒன்று. மட்டையும் சார்ஜரும் பரணுக்குப் போயின. சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது இவர், "ஏன், நீயே ஓட்டேன்" என்றார். கிண்டல்தான். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். கல்லூரிக்குப் போன நாளிலிருந்து சைக்கிளைத் தொட்டதில்லை.

கிண்டல் செய்திருக்காவிட்டால் ஓட்டியிருக்க மாட்டேன்.

ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருவில் காலை ஐந்தரைக்கு நாய்களும் தண்ணீர் லாரியும் மட்டும்தான் இருக்கும். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் தெருவுக்குள்ளேயே சுற்றினேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டவாளத்தையும் ஜிஎஸ்டி சாலையையும் தாண்டி, பரங்கிமலைக் கன்டோன்மென்ட் பக்கம் போனேன். இந்த ஊரில் இப்படி நிழலான சாலைகள் இருக்கின்றன என்பதே மறந்துபோயிருந்தது. இருபது வருடமாக எங்கள் மொட்டைமாடியிலிருந்து தினமும் பார்க்கிற மலை அது. கடைசியாக ஏறியது மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது. அன்றைக்கும் பாதிப் படி அவனைத் தூக்கிக்கொண்டு இவர்தான் ஏறினார்.

பரங்கிமலையில் ஏற இரண்டு வழி. வடக்கு அடிவாரத்தில் 1547 என்று பொறித்த நான்கு வளைவு வாசல் ஒன்று இருக்கிறது, அதிலிருந்து படிக்கட்டு. படிக்கட்டு கோஜா பெட்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் பிற்பாடு கட்டிக் கொடுத்தது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவர்தான். படிகள் எத்தனை என்று கேட்காதீர்கள். கணக்கு டீச்சராக இருந்தும் ஒவ்வொரு முறையும் நடுவில் ஏதாவது ஒரு சிலுவைப்பாதை நிலையில் மூச்சு வாங்க நின்று எண்ணிக்கையை விட்டுவிடுகிறேன். தவக்காலத்தில் வெறுங்காலோடு ஜெபம் சொல்லிக்கொண்டே ஏறுபவர்களைப் பார்த்தால், மூச்சு வாங்க நிற்பதற்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

இன்னொரு வழி, வண்டி போகிற சாலை. என் கதை அதில்தான்.

மலை மொத்தமே முந்நூறு அடிதான். ஊட்டிக்குச் சைக்கிளில் ஏறுகிறவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முதல் நாள் ஏற்றம் தொடங்கிய பிறகு கியரை மாற்றினேன். அது தப்பு. பெடலில் முழு எடையும் இருக்கும்போது மாற்றினால் சங்கிலி 'கடக்' என்று கத்திவிட்டு நழுவுகிறது. கால் வெறும் காற்றை மிதிக்கிறது. சாலையோரக் கல்லில் சாய்ந்து நின்று, கையெல்லாம் கிரீஸாகச் சங்கிலியை மாட்டினேன். மேலிருந்து இறங்கி வந்த பையன் ஒருவன், "அக்கா, மேடு வர்றதுக்கு முன்னாடியே லேசாக்கிடுங்க, மேட்டுல வந்து யோசிக்கக் கூடாது" என்றான். அக்கா என்றானே என்பதற்காகவே அவன் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டேன். அதற்கும் பிறகு நாலு ஞாயிறு, ஒரு குறிப்பிட்ட திருப்பம் வந்ததும் முன்சக்கரம் பாம்புபோல் நெளிய, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். ஐந்தாவது ஞாயிறு இறங்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது, மாதா கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கும் அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே தண்ணீர் கொடுத்தார்.

இறக்கம் வேறு பாடம். பிரேக்கைப் பிடித்த பிடியாகவே இறங்கினால் ரிம் சூடேறுகிறது. பிடி, விடு, பிடி, விடு என்று வர வேண்டும்.

சரி, மேலே என்ன இருக்கிறது? தோமையார் இங்கே உயிர்நீத்தார் என்பது நம்பிக்கை. போர்த்துக்கீசியர் காலத்துக் கோயில். கிழக்கே வானம் தெளிவாக இருந்தால் கடல் ஒரு கோடாகத் தெரியும். தென்மேற்கே விமான நிலையம். வீட்டில் இருக்கும்போது எரிச்சலூட்டும் அதே விமானச் சத்தம் மேலிருந்து பார்க்கும்போது எரிச்சலாக இல்லை. ஓடுபாதையில் சோம்பேறியாக நகர்ந்து, திடீரென்று ஞாபகம் வந்ததுபோல் ஓடி எழும்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இரவு மழை பெய்து விடிந்த ஐப்பசி காலைதான் இதற்கு உத்தமம். போகியன்று மட்டும் ஏறாதீர்கள். ஒரு வருடம் ஏறினேன். சென்னையே இல்லை, புகைதான் இருந்தது.

என்னை அந்த மலையோடு கட்டிப்போட்டது கோயிலோ கடலோ அல்ல, ஒரு சங்கிலி. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி இந்த மலையடியிலிருந்துதான் இந்தியாவை அளக்கத் தொடங்கினார். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி, இரண்டரை அடிக் கணுக்களாக நாற்பது. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், வேண்டாம் என்று திரும்பிய பொருட்களில் அதுவும் ஒன்று. அதை வைத்துத் தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் அளந்தார்கள். சென்னை ஏப்ரல் வெயிலில் எஃகு நீளும் அல்லவா? அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, தெர்மாமீட்டரில் சூட்டைக் குறித்துக்கொண்டே போனார்கள். தட்டையான நிலம், இரண்டு முனையிலும் ஒரு குன்று: அவர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் கிடைத்துவிட்டால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்கள் வந்துவிடும். அப்படி முக்கோணத்தின் மேல் முக்கோணமாகப் போய்க்கொண்டே இருக்கலாம். அந்த அளவைதான் கடைசியில் இமயமலை வரை போய், 1856-இல் எவரெஸ்ட்டின் உயரம் 29,002 அடி என்று அறிவித்தது. ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் பாடம் நடத்தும்போது இனிமேல் கலங்கரை விளக்கமும் கப்பலும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். "பரங்கிமலை மேல நான் நிக்கிறேன், கீழ நீ டீக்கடையில நிக்கிற" என்று ஆரம்பித்தால் கடைசி பெஞ்சும் நிமிர்கிறது.

அந்த ஏழரை மைலை நாமும் போனால் என்ன என்று ஒரு நாள் கிளம்பினேன். லாம்டன் நேர்கோட்டில் போனார். எனக்கு வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் என்று சிக்னல் சிக்னலாகச் சுற்றித்தான் போக முடிந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பில் கூழைக்கடாக்களைப் பார்த்து நின்றதில் அரை மணி போயிற்று. பெரும்பாக்கத்தில் குன்று தெரிகிறது, ஏறும் வழி எனக்குத் தெரியவில்லை. ஓர் ஒற்றையடிப் பாதையை நம்பி இறங்கியதில் கருவேல முள் இரண்டு டயரிலும் ஏறிவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து பங்க்சர் கடை அண்ணனிடம் கொடுத்தேன். டியூபைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கி அமுக்கிக் குமிழியை எண்ணியவர், "ஏழு ஓட்டைம்மா, அங்க எதுக்குப் போனீங்க?" என்றார். 1802-இல் தொடங்கி விளக்க மனமில்லாமல், "சும்மா" என்றேன்.

திருநீர்மலைக்கும் போவதுண்டு. அங்கே சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டுப் படியேற வேண்டும். பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலத்தில் இருக்கிற ஊர். மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால், வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்தார் என்பார்கள். இப்போது பைபாஸ் சூழ்ந்திருக்கிறது. நடந்த கோலத்துக்கு உரியவர் உலகளந்த பெருமாள். மூன்றே அடியில் அளந்து முடித்தவர் முன்னால் நிற்கும்போதெல்லாம் பாவம், லாம்டனின் நூறடிச் சங்கிலி நினைவுக்கு வந்து சிரிப்பு வருகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். மேலே காற்று அபாரம். அதே விமான நிலையம் அங்கிருந்து மறுபுறமாகத் தெரியும்.

ஆனாலும் என் மலை பரங்கிமலைதான், வீடு தெரிகிற தூரத்தில் இருப்பதால். தெரிகிறதா என்றால், அதைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. ஆதம்பாக்கம் முழுக்க ஒரே மாதிரிக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். மைதானத்தை வைத்து, தண்டவாளத்தை வைத்து, எதிர்வீட்டுச் செல்போன் கோபுரத்தை வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. ஒரு சனிக்கிழமை இரவு, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறப் போர்வை ஒன்றை மாடிக் கொடியில் விரித்துக் கட்டிவிட்டு வந்தேன். மறுநாள் மலைமேல் நின்று தேடினால், அதோ, பொட்டு வைத்ததுபோல் ஆரஞ்சு. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போர்வை கட்டாயம். மெழுகுவத்தி அம்மாளுக்கும் விரல் நீட்டிக் காட்டியிருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மேலேயிருந்து இவருக்கு போன் போட்டேன். "மாடிக்கு வாங்களேன். நம்ம வீட்டைத்தான் பார்த்துட்டு இருக்கேன்."

மூச்சு வாங்க மாடியேறும் சத்தம் கேட்டது. "வந்துட்டேன். இரு, போர்வையை எடுத்து ஆட்டுறேன்."

என் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை.

"ஆட்டுறீங்களா?"

"கை வலிக்குது, இன்னும் எவ்வளவு நேரம் ஆட்டணும்?"

அதற்குள், நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து வலப்புறம் மூன்று தெரு தள்ளி, ஏதோ ஒன்று ஆரஞ்சாகத் தெரிவதும் மறைவதுமாக இருந்தது.