வேப்பிலையும் ஊறுகாய் பாட்டிலும்

அம்மை என்று நினைத்து மூன்று வாரம் வேப்பிலையில் படுக்க வைத்திருந்தார்கள். கொப்புளங்கள் உடைந்து முதுகு முழுக்கப் புண்ணான பிறகுதான் எங்கள் வார்டுக்கு அழைத்து வந்தார்கள். பூக்கட்டிப் பிழைக்கும் அக்கா, வயது 46. நான் அப்போது தோல் மருத்துவ மேற்படிப்பில் இரண்டாம் வருடம்.

கேட்கக் கேட்கத்தான் முழுக்கதையும் வந்தது. கொப்புளத்துக்கு முன்னால் ஐந்து மாதம் வாய்ப்புண். பி காம்ப்ளக்ஸ், மணத்தக்காளிக் கீரை, நடுவில் ஒரு பல் டாக்டர் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. அக்காவுக்கு வந்திருந்த பெம்பிகஸ் வல்காரிஸ் என்ற கொப்புள நோய் பலருக்கும் வாயில்தான் தொடங்கும். அங்கே யாரும் அதைத் தேடுவதில்லை.

கொப்புளம் இல்லாத இடத்தில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தித் தள்ளினேன். காய்ச்சின பாலின் ஆடை போல மேல்தோல் நகர்ந்து வந்துவிட்டது. நிகோல்ஸ்கி அடையாளம் என்று பாடத்தில் படித்ததுதான். படித்தபோது வயிறு கலங்கவில்லை.

கொப்புளத்தின் அடியைச் சுரண்டிச் சாயமேற்றிப் பார்த்தால், ஒட்டியிருக்க வேண்டிய செல்கள் தனித்தனியாக உருண்டு கிடந்தன. உறுதிப்படுத்த இரண்டு துண்டு தோல் எடுத்தோம். ஒன்று, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினுக்கு. இன்னொன்று, புண்ணை ஒட்டிய நல்ல தோலிலிருந்து எடுத்தது, தோலில் எதிர்ப்புப் புரதம் படிந்திருந்தால் ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃபுளோரசன்ஸ் பரிசோதனைக்கு. அதில் ஃபார்மலின் படவே கூடாது. இரவு டியூட்டி முடிந்த அசதியில் இரண்டையும் ஒரே ஃபார்மலின் பாட்டிலில் போட்டேன். மறுபடி ஊசி, மறுபடி தையல். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பேராசிரியர் நிறையச் சொன்னார். இரண்டாவது துண்டில், செல்களைச் சுற்றி மீன்வலை விரித்த மாதிரி பச்சையாக ஒளிர்ந்தது.

"என்ன வியாதி டாக்டரம்மா?"

"செல்லையெல்லாம் நார் மாதிரி டெஸ்மோக்ளின்னு ஒண்ணு கட்டி வச்சிருக்கும்க்கா. அது அறுந்து, கட்டின பூவெல்லாம் உதிரியாயிடுச்சு."

"யாரு அறுத்தது?"

"உங்க உடம்புலயே இருக்கிற எதிர்ப்புச் சக்திதான். யாரோன்னு நினைச்சு அறுத்துடுச்சு."

நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கே அது பாதி விளக்கம்தான். ஏன் அறுக்கிறது என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

படுக்கை விரிப்பு புண்ணில் ஒட்டிப் பிய்ந்ததால் வாழை இலை விரித்தோம். வழுவழுப்பு, குளிர்ச்சி, தினமும் புதிது. இந்த நோய்க்கு ரிட்டுக்சிமாப் என்ற மருந்து அப்போதே உண்டு, விலை எங்கள் வார்டுக்கு எட்டாது. அதனால் 1980களில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா கொண்டுவந்த பல்ஸ் முறைதான்: 28 நாளுக்கு ஒருமுறை, மூன்று நாள் தொடர்ந்து 100 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு டிரிப்பில், அதில் ஒருநாள் மட்டும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு 500 மில்லிகிராம். இடையில் தினமும் மாத்திரை. சர்க்கரை ஏறியது, இன்சுலின் போட்டோம். சீழ் பிடித்த புண்களோடு பட்ட பாடு தனிக்கதை. இந்த நோயில் கிருமித் தொற்றுதான் பெரிய பயம்.

தலையணைக்கு அடியில் மாமியார் வேப்பிலைக் கொத்து வைப்பதும், காலையில் சிஸ்டர் எடுத்துப் போடுவதும் நான்கு பல்ஸ் வரை நடந்தது. நான் தலையிடவில்லை.

ஆறாவது பல்ஸுக்கு வந்தபோது தலைமாட்டில் வேப்பிலை இல்லை, மாங்காய் ஊறுகாய் பாட்டில் இருந்தது. "இப்ப எரியல டாக்டரம்மா" என்று வாயைத் திறந்து காட்டினார். டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கன்னத்தின் உள்ளே, கடைசிப் பல்லுக்குப் பக்கத்தில், மிளகளவு ஒரு புண் இன்னும் ஆறாமல் இருந்தது. பாட்டிலை வாங்கி டியூட்டி ரூமில் வைத்தேன்.