ஒரு நாற்று போதும்

அப்பா காலத்தில் குத்துக்கு, அதாவது ஒரே இடத்தில், நாலைந்து நெல் நாற்றுகளைச் சேர்த்துத்தான் நடுவோம். "ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்டா" என்பார். இந்தக் குறுவைக்கு அரை ஏக்கரில் மட்டும் 14 நாள் நாற்றை ஒற்றையாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டேன். முதல் வாரம் வயலைப் பார்க்கவே வயிற்றைக் கலக்கியது. வெறும் சேறுதான் தெரிந்தது.

ஐம்பதாம் நாள் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குத்தைப் பிடுங்கி வேரை அலசிப் பார்த்தேன். நெருக்கி நட்டதில் வேர்கள் பின்னிக்கொண்டு பழுப்பேறிக் கிடந்தன. அடியிலிருந்து கிளைத்த தண்டுகள், அதாவது தூர், எல்லாம் சேர்ந்தே 17. ஒற்றை நாற்றில் வெள்ளை வேர் கொத்துக் கொத்தாக, தூர் 31. ஒரே இனம் அல்லவா? எல்லாவற்றுக்கும் அதே ஆழத்தில், அதே நாளில், அதே தழைச்சத்துதான் வேண்டும். வெயிலும் அப்படித்தான். பக்கத்துப் பயிர் களையைவிடப் பொல்லாத பங்காளி.

குட்டையிலும் இதே கதை. ஜிலேபி கெண்டை உள்ளங்கை அளவைத் தாண்டவே இல்லை; அதற்குள் குஞ்சு பொரித்துக் குட்டையை நிரப்பிவிடுகிறது. போன வாரம் வலை போட்டுப் பாதியை அள்ளிவிட்டோம். மிச்சம் தைக்குள் எவ்வளவு எடை ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.