நீட்டுக் கம்பு வாங்கும்போது முதலில் பூட்டைப் பாருங்கள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், டிக்கோயா பக்கம் பெயின்ட் அடிப்பதுதான் என் தொழில். தீபாவளி நெருங்கினால், சொந்த வீட்டுக்குத் தாங்களே பெயின்ட் அடிக்க நினைக்கிற தம்பிமார் என்னிடம் வந்து கேட்பது இதுதான்: "அண்ணே, ரோலருக்குப் போடுற நீட்டுக் கம்பு எத்தனை அடியில எடுக்கிறது?" அடிக்கணக்கை அப்புறம் பார்க்கலாம். நீட்டிய கம்பைப் பிடித்து நிறுத்துகிற பூட்டு நல்லதா என்று முதலில் பாருங்கள் என்பேன்.

நம்ம பக்கத்து வீடுகளுக்கு இந்தக் கம்பு இல்லாமல் முடியாது. மலையை வெட்டிக் கட்டிய வீடு முன்பக்கம் ஒரு தட்டு என்றால், பள்ளத்துப் பக்கம் இரண்டு தட்டு உயரம் வரும். அங்கே ஏணி வைத்தால் ஒரு கால் கானு (வடிகால்) ஓரத்துச் சீமெந்தில், மற்றக் கால் ஈர மண்ணில். மே மாதம் பிடிக்கிற மழை செப்டெம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். அந்த மண் எப்போது உள்வாங்கும் என்று யாருக்குத் தெரியும்? கீழே விழுந்தால் கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டைகள். அந்தச் சுவரை நிலத்தில் நின்றபடியே முடிக்க முடிந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கும் நிம்மதி.

சரி, பூட்டுக்கு வருவோம். கடையில் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும். ஒன்று, உள்குழாயைத் திருகி இறுக்குவது. மற்றது, பட்டனை அமுக்கி இழுத்தால் அடுத்த துளையில் 'டக்' என்று வந்து நிற்பது. திருகும் வகையை எந்த நீளத்திலும் நிறுத்தலாம், உண்மைதான். ஆனால் ரோலரை மேலும் கீழும் உருட்டும்போது நம் கை கம்பைச் சிறிது சிறிதாக முறுக்கிக்கொண்டே இருக்கும். உள்ளே இறுக்கிப் பிடிப்பது ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஆப்பு. அது தேய்ந்துவிட்டால் எவ்வளவு திருகினாலும் சும்மா சுற்றும். குளிரில் விரல் விறைத்து, கையில் பெயின்டும் பட்டிருக்கும் நேரத்தில் அதை இறுக்குவதும் லேசான காரியமில்லை. அதனால் நான் பட்டன் வகையைத்தான் எடுப்பேன்.

எதை எடுத்தாலும் கடையிலேயே சோதித்துவிடுங்கள். பாதி நீட்டிப் பூட்டி, நுனியைத் தரையில் ஊன்றி, உடம்புப் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் இறக்குங்கள். உள்குழாய் அரை அங்குலம் இறங்கினாலும் அந்தக் கம்பு வேண்டாம். அப்புறம் முழுக்க நீட்டி, அடியைப் பிடித்துக் கிடையாகத் தூக்கிப் பாருங்கள். வெறும் கம்பே தூண்டில் மாதிரி ஆடினால், பெயின்ட் குடித்த 9 அங்குல ரோலரை மாட்டிய பிறகு கை சொல்கிற இடத்துக்கு அது போகாது.

உங்கள் ரோலர் பிடியையும் கடைக்குக் கொண்டு போங்கள். சில பிடிகளின் அடியில் திருகு புரி இருக்கும், சிலவற்றில் வெறும் குழிதான். புரி இருந்தால் கம்பில் மாட்டி நாலைந்து சுற்று திருகுங்கள். ஒரு சுற்றிலேயே இறுகினால் இரண்டும் ஒத்துவராத புரி. வெறும் குழியானால் கம்பின் கூம்பு முனையை உள்ளே தட்டி இறுக்கி, வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்துத் துளை போட்டு ஒரு சின்ன ஸ்க்ரூ ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கீழே இழுக்கும்போது ரோலர் பெயின்டோடு கழன்று விழும்.

நீளத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லயத்துக் காம்பிராவுக்கும் (தோட்டத்து வரிசை வீட்டு அறை) சாதாரண அறைக்கும் 2 அடியிலிருந்து 4 அடி வரை நீள்வது போதும். பழைய துரை பங்களாச் சுவர், வீட்டின் வெளிச்சுவர் என்றால் 4 முதல் 8 அடி. ஒரு கம்புதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். 8 முதல் 16 அடி நீள்கிற கம்பை மடக்கினாலும் 8 அடி. அதை இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) வைத்துத் திருப்பவே முடியாது. பள்ளத்துச் சுவரின் உச்சிக்கு மட்டும்தான் அது தேவை. அதற்கு யாரிடமாவது இரவல் கேட்கலாம்.

இனிச் சொல்வதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். அலுமினியத்தில் கரண்ட் பாயும். வீட்டுக்கு வருகிற மின்சார லைன் நம்ம பக்கம் பெரும்பாலும் கூரை முகட்டுக்கருகே, அல்லது தகரத்தின் விளிம்பை ஒட்டித்தான் வந்து சேர்கிறது. உள்ளே மெயின் சுவிட்சை அணைத்தாலும் வெளியே அந்த வயரில் 230 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். வெளிச்சுவருக்கு என்றால் விலை கூடினாலும் ஃபைபர் கம்பு வாங்குங்கள். அதையும் முழுக்க நம்ப வேண்டாம்: மழையில் நனைந்து அழுக்குப் படிந்தால் அதிலும் கரண்ட் வரலாம், ரோலரின் கம்பியும் இரும்புதான். வயரை ஒட்டிய சுவர்ப் பகுதியை மின்சார அலுவலகத்துக்குச் சொல்லி லைனைத் துண்டித்த பிறகு அடியுங்கள். அதுவரை பெயின்ட் இல்லாமலே கிடக்கட்டும்.

அடிக்கும்போது ஒரு கை இடுப்பளவில், மற்றக் கை நெஞ்சளவில் இருக்கட்டும். கூரைப் பலகைக்கு அடித்தால் ரோலருக்கு நேர் கீழே நிற்காமல் ஓரடி பின்னால் நில்லுங்கள். கழுத்தும் வலிக்காது, கண்ணிலும் சொட்டாது. ரோலரை முக்கியதும் தட்டில் நன்றாக உருட்டி வடித்துவிட்டுத் தூக்குங்கள். கம்பு நீள நீள, சொட்டுவது தூரத்தில் விழும்.

வேலை முடிந்ததும் உள்குழாயை முழுக்க வெளியே இழுத்து ஈரத் துணியால் துடையுங்கள். காய்ந்த பெயின்டும் சுவர் மணலும் உள்ளே போனால் அடுத்த வருஷம் அசையாது. திருகும் வகைக்கு எண்ணெய் மட்டும் பூசிவிடாதீர்கள், ஆப்பு வழுக்கும்.