பஸ்ஸை மறிப்பவன், பாதியில் குதிப்பவன்: நெட் தேர்வில் நோய்க்கிருமிப் பகுதி

சி.எஸ்.ஐ.ஆர். நெட் (ஆராய்ச்சிக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தேசியத் தகுதித் தேர்வு) ரிசல்ட் வந்து இரண்டு நாள் ஆகிறது. ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்துவிட்டது. மூன்றாவது முயற்சி என்பதால் வீட்டில் யாரும் பெரிதாகத் துள்ளவில்லை. அம்மா கேசரி கிண்டினார், அவ்வளவுதான்.

லைஃப் சயின்சஸ் சி பகுதியில் 75 கேள்விகளில் 25-ஐத் தேர்ந்தெடுப்பதே தனிக் கலை, அது உங்களுக்கே தெரியும். போன முறை என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு நினைப்பு: செல்லுக்குள் வாழும் பாக்டீரியா எல்லாமே லைசோசோமை (செல்லின் செரிமானப் பை) கண்டால் ஓடும் என்று. காக்ஸியெல்லா என்ற பாக்டீரியா பற்றிய கூற்றை யோசிக்காமல் தவறு என்று குறித்தேன். அதுவோ லைசோசோம் சேர்ந்த அமிலப் பைக்குள் போன பிறகுதான் விழித்துக்கொண்டு பெருகுகிறது. நெகடிவ் மார்க் வேறு. அன்று இரவு சாப்பிடவே பிடிக்கவில்லை.

கிருமிக்கு ஒரு பக்கம் என்று நோட்ஸ் எழுதி வைத்திருந்ததுதான் தப்பு. கேள்வியில் நாலு கிருமிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ். ஒரு நாள் தவளக்குப்பம் நெரிசலில் ஒற்றைக் காலில் நிற்கும்போது தோன்றியது: ஃபேகோசோம் (செல் விழுங்கிய கிருமியைச் சுமக்கும் பை) ஒரு பஸ், லைசோசோம் கடைசி ஸ்டாண்ட். (கிருமாம்பாக்கம் தாண்டியதால் வந்த ஞானம் என்று தோழி இன்றும் கிண்டல் செய்கிறாள்.) வழியில் ராப்5 என்ற புரதப் போர்டைக் கழற்றி ராப்7 என்ற புரதப் போர்டு மாட்ட வேண்டும். இனி ஒவ்வொரு பயணியும்:

- காசநோய்க் கிருமி: போர்டை மாற்றவே விடாது. ராப்5-லேயே பஸ் நிற்கும், அமிலமும் ஏறாது.
- லிஸ்டீரியா: லிஸ்டீரியோலைசின் ஓ என்ற நச்சுப் புரதத்தால் ஓட்டை போட்டுப் பாதியில் குதித்துவிடும். அப்புறம் செல்லின் ஆக்டின் புரதத்தால் வால் கட்டிக்கொண்டு பக்கத்துச் செல்லுக்குள் பாயும்.
- சால்மொனெல்லா: இறங்காது, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளும். செல்லுக்குள் ஏறுவதற்கு எஸ்.பி.ஐ.-1, ஏறிய பிறகு எஸ்.பி.ஐ.-2 (இரண்டும் அதன் நோய்த்தன்மை மரபணுத் தொகுப்புகள்). மாற்றிக் கேட்பார்கள், உஷார்.
- லெஜியோனெல்லா: பஸ்ஸுக்கே வேறு பெயின்ட் அடித்து எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் (செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலை) மாதிரி ஆக்கிவிடும். இதற்கு அதன் ஆயுதம் நான்காம் வகைச் சுரப்பு அமைப்பு (தன் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்தும் கருவி).
- காக்ஸியெல்லா: டிக்கெட்டே கடைசி ஸ்டாண்டுக்குத்தான்.

பஸ்ஸில் ஏறாமலே தப்பிப்பவை தனி. நிமோகாக்கஸுக்கு உறை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தன் புரதம் ஏ-வால் ஆன்டிபாடியை எஃப்.சி. (வால்) பக்கம் பிடித்துத் தலைகீழாக மாட்டிக்கொள்ளும். கொனோகாக்கஸ் பைலஸ் (மேலே இருக்கும் மயிரிழை) என்கிற சட்டையை அடிக்கடி மாற்றும்.

காசநோயைக் கூடுதலாகப் படித்ததற்குக் காரணம் சித்தி. ஒரு மாதத்தில் இருமல் நின்றதும், "நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்குடி மாத்திரை?" என்றார். 2 மாதம் நாலு மருந்து, பிறகு 4 மாதம் மூன்று மருந்து. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் சாகும். பெருகாமல் தூங்குபவை மருந்துக்கு எளிதில் அசையாது, அவற்றுக்குத்தான் இத்தனை மாதம். நாலில் ஒன்றான பைரஸினமைடு அமிலச் சூழலில் நன்றாக வேலை செய்யும். சித்திக்கு விளக்கிய நாளிலிருந்து இதில் நான் ஒரு கேள்வியும் விட்டதில்லை. சித்தியும் ஆறு மாதத்தை முடித்தார்.

நான் செய்தது இவ்வளவுதான்:
- பெரிய அட்டையில் பஸ் படம், வாரம் ஒரு முறை பார்க்காமல் வரைவது.
- பழைய கேள்வித்தாளில் தவறான கூற்று ஏன் தவறு என்று ஒரு வரி.
- கடைசி வாரம் புதிதாக எதையும் தொடாமல் இருப்பது.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. பேச்சிலேயே மாலை போய்விடும். தாவர நோய்க்கிருமிப் பகுதியை நான் திறக்கவே இல்லை. அதைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.